அம்மா வேணாம், அத்தை போதும்

அத்தியாயம் 14

கணவருடைய கைப்பேசியை எடுத்துப் படிப்பது தப்பு என்று பாஞ்சாலைக்குத் தெரியும். போன வாரம் அதைக் கையில் எடுத்தவளை அப்படியே நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். ஒரு வாரம் யோசித்துவிட்டு, 'நமக்கெதற்கு' என்று திருப்பி வைத்திருப்பாள் என நினைக்கிறவர்களுக்கு அவளோடு இன்னும் சரியாகப் பழக்கமில்லை. படித்துவிட்டாள். மூன்று தடவை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாயிரம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் சொந்த வீடு. மாடியில் ஒரு வெள்ளைக்காரர் குடியிருக்கிறார். பாஞ்சாலை கண்ணாயிரத்தின் மனைவி. ஒரே மகன் இளஞ்செழியன், மருமகள் மதிவதனி, பேரன் எல்லாரும் சிங்கப்பூரில். மதிவதனியின் அம்மா வள்ளி, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமான பிறகு வேங்கிக்காலில் தனியாக இருக்கிறாள்.

கண்ணாயிரத்துக்குப் புராஸ்டேட் சுரப்பியில் ஏதோ சந்தேகம். சிங்கப்பூரில், ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்திச் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கப் போகிறார்கள். பயாப்ஸி என்று பெயர். இந்த விஷயம் பாஞ்சாலைக்குத் தெரிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. வள்ளிக்குத் தெரிந்து ஏழு மாதம் ஆகிறது.

அந்த ஏழு மாதம்தான் பாஞ்சாலையின் தொண்டையில் இறங்காமல் நிற்கிறது.

செய்தி மகனுடைய எண்ணிலிருந்து வந்திருந்தது.

'டிக்கெட் போட்டாச்சு. பதினெட்டாம் தேதி காலையில சென்னையில ஃப்ளைட். துணைக்கு அம்மா வேணாம். அத்தை வந்தா போதும். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க.'

குளியலறையில் குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணாயிரம் உள்ளே போனால் இப்போதெல்லாம் சீக்கிரம் வருவதில்லை. ஆவணியில், விழுப்புரத்தில் கூட வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த நாளிலிருந்தே அவர் சரியாக இல்லை. தாம்பூலப் பையோடு ஆட்டோவிலிருந்து இறங்கியவர், பஸ் சீட்டு மோசம், இடுப்பு போச்சு என்று இரண்டு நாள் ஒருக்களித்தே படுத்திருந்தார். பாஞ்சாலைதான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். அந்தப் பையிலிருந்த தேங்காயைத்தான் சட்னி அரைத்தாள்.

அம்மா வேணாமாம். அத்தை வந்தால் போதுமாம்.

கண்ணாயிரத்துக்கு அக்கா தங்கை கிடையாது. ஆக இளஞ்செழியனுக்கு அத்தை என்று உலகத்தில் இருப்பது ஒரே ஒருத்தி. மாமியார் வள்ளி.

"பேரு வச்சிருக்காங்க பாரு, வள்ளின்னு" என்று பாஞ்சாலை முணுமுணுத்தாள். தெய்வானை என்று ஒருத்தி கட்டிக்கொண்டு வந்த பிறகு, பின்னாடியே வந்து சேர்ந்தவள் பேர். அடுத்த கணமே சாமி குற்றமாகிவிடுமோ என்று பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

போன வருஷம் மதிவதனி பிரசவத்துக்கும் இதே கதைதான். பாஞ்சாலை ஆசை ஆசையாகப் பாஸ்போர்ட் எடுத்தாள். விசாரணைக்கு வந்த போலீஸ்காரருக்குக் காப்பி கொடுத்து, பக்கத்து வீட்டில் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டி வந்தாள். கடைசியில், "ஒருத்தர்தாம்மா தங்க முடியும், மதி அவங்க அம்மா வேணும்ங்குது" என்றான் மகன். வள்ளி போனாள். ஆறு மாதம் தினம் ஒரு படம் வைத்தாள் ஸ்டேட்டஸில். பேரனோடு கடற்கரையில் வள்ளி. பேரனோடு ரயிலில் வள்ளி. பாஞ்சாலையின் பாஸ்போர்ட் ஒரு முத்திரை கூட விழாமல் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் படுத்துக் கிடக்கிறது.

அது பேரன் விஷயம். பொறுத்துக்கொண்டாள். இது புருஷன் விஷயம். முப்பத்து நாலு வருஷம் இவருக்குச் சளி பிடித்தாலும் ரசத்தில் மிளகைக் கூட்டிப் போட்டவள் அவள். மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டியது யார்? அதை மட்டும் அவளால் விட்டுக்கொடுக்க முடியாது.

குழாய் நின்றது. கைப்பேசியை இருந்த இடத்தில் வைத்தாள்.

* * *

"காப்பி ஆச்சா?" துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார் கண்ணாயிரம்.

"ஆச்சு." டம்ளரை மேஜையில் வைத்த வேகத்தில் நாலு சொட்டு வெளியே தெறித்தது.

அவர் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். "பாஞ்சால, ஒன்னு சொல்லணும். நேத்துலருந்து சொல்லணும் சொல்லணும்னு..."

"சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்."

"தெரியுமா? என்னா தெரியும்?"

"துணைக்கு அத்தை. அதானே?"

கண்ணாயிரத்தின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அப்பாடா! மதி உன்கிட்ட சொல்லிடுச்சா? அதுதான் ஒத்தக் கால்ல நின்னுது, அத்தைதான் வரணும்னு."

"நிக்கும். நிக்காம என்னா பண்ணும்?"

"உனக்கு ஒன்னும் கோவமில்லையே?"

"எனக்கெதுக்குங்க கோவம்?"

"இல்ல, நீ ஒத்துக்க மாட்டியோன்னு பயந்துட்டேன்."

"என்னக் கேட்டா இந்த வீட்ல எல்லாம் நடக்குது? இதுவும் நடக்கட்டும்."

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் இந்த இடத்தில் காப்பியைக் கீழே வைத்திருப்பான். கண்ணாயிரம் ரசித்துக் குடித்தார். முப்பத்தொரு வருஷம், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்ன மனிதர். என்ன கேட்டார்கள் என்பது காதில் விழும். எந்தக் குரலில் கேட்டார்கள் என்பது விழாது.

"ஏங்க, வேலூரு ரெண்டு மணி நேரம்" என்றாள் பாஞ்சாலை, கடைசி முயற்சியாக. "ஒலகமே ஒடம்பப் பாக்க அங்க வருது. மாடியில இருக்கறவரு எந்த தேசத்துலருந்தோ நம்ம சந்துக்கு வந்து ஒக்காந்திருக்காரு. நீங்க மட்டும் கடலத் தாண்டிப் போவணுமா?"

கண்ணாயிரம் மாடிப்படியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வேலூர்ல எந்த வராண்டாவுல நின்னாலும் நம்ம டெப்போக்காரன் ஒருத்தன் எதுர வருவான். என்னா சார், ஒடம்புக்கு என்னான்னு கேப்பான். நான் என்னான்னு சொல்றது? எந்த எடத்துல ஊசின்னு சொல்றது? அங்கன்னா ஒருத்தனுக்கும் நம்ம மூஞ்சி தெரியாது."

எழுந்து சட்டையை மாட்டினார். "ஏஜென்ட் ஆளு அஞ்சு மணிக்கு வரான். பாஸ்போர்ட்ட எடுத்து வையி. இன்னிக்கு உட்டா விசா லேட்டாயிடும், அப்புறம் டாக்டர் குடுத்த தேதி போயிடும். நான் போட்டோ வாங்கிகினு, ஜெராக்ஸ் எடுத்துகினு, பேங்க்லயும் வேலைய முடிச்சுட்டு நாலு மணிக்கு வந்துடறேன். நாளைக்குப் பௌர்ணமி, இப்பவே ரோடெல்லாம் கூட்டம்."

அவர் போனதும் பாஞ்சாலை பீரோவைத் திறந்தாள். அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்தாள். சமையலறைக்குப் போய், கேழ்வரகு மாவு டப்பாவைத் திறந்து, பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்ளே அழுத்தி, மேலே இரண்டு கரண்டி மாவைத் தள்ளி மூடினாள்.

போகட்டும். எப்படிப் போகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

செய்துவிட்ட பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. டாக்டர் கொடுத்த தேதி. அது போனால்? போனால் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தாள். வாயில் வந்தது, மனசிலிருந்து வரவில்லை. மத்தியானம் வரை அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். சரி, மாவு டப்பா அப்புறம். முதலில் அந்த அத்தையைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று புடவையை மாற்றினாள்.

* * *

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புது மனைகளுக்கு நடுவில் வள்ளியின் வீடு. பாஞ்சாலை போய் இறங்கியபோது மணி மூன்று. கதவு திறந்திருந்தது.

ஹாலில் முதலில் கண்ணில் பட்டது பெட்டி. பெரிய நீலப் பெட்டி, வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே பருப்புப் பொடி, வடகம், குழந்தைச் சட்டைகள். மேலே ஒரு மெரூன் நிற ஸ்வெட்டர், விலைச்சீட்டு கூடக் கிழிக்காமல்.

பாஞ்சாலைக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

"வாங்க அண்ணி!" வள்ளி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஐம்பத்தொன்பது வயதிலும் நெட்டையாக, நிமிர்ந்து நடப்பாள். அதுவும் பாஞ்சாலைக்குப் பிடிக்காது. "நானே போன் பண்ணணும்னு இருந்தேன். ஒக்காருங்க, மோர் கொண்டாரேன்."

"மோர் குடிக்க வரல. பெட்டியெல்லாம் ரெடியாயிடுச்சாட்டம் இருக்குது."

"ஆமா அண்ணி. பொடி கொட்டிடப் போவுதேன்னு ரெண்டு கவர் போட்டேன்."

"ஸ்வெட்டர் கூட வாங்கியாச்சு."

"அங்க ஆஸ்பத்திரியில ஏசி ஜாஸ்தியா இருக்கும். அண்ணனுக்குப் பக்கத்துல மணிக்கணக்கா ஒக்காந்திருக்கணுமில்ல?"

அவ்வளவுதான். பாஞ்சாலை உடைந்தாள்.

"ஒக்காருங்க. நல்லா ஒக்காருங்க. அவரு கண்ணு முழிச்சுப் பாக்கறப்ப எதுர நீங்க ஒக்காந்திருங்க. நான் இங்க மாடியில இருக்கறவருக்குத் தண்ணி மோட்டார் போட்டுகினு இருக்கறேன். பேரன் பொறந்தப்பவும் நீங்க. அவன் மொத மொதல்ல சிரிச்சதும் உங்களப் பாத்துதான். அதெல்லாம் போவட்டும். இப்ப என் ஊட்டுக்காரருக்கும் நீங்கதானா? எனக்குன்னு எதையாச்சும் மிச்சம் வைங்க சம்பந்திம்மா!"

"என்னா பேசறீங்க அண்ணி? யாரு போறது?"

"நடிக்காதீங்க. அண்ணான்னு கூப்புட்டுட்டா எல்லாம் சரியாப் போச்சா? அம்மா வேணாம், அத்தை வந்தா போதும்னு என் புள்ள எழுதியிருக்கான். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்னு வேற. பேசவே இல்ல. பெத்தவள ஒரு வார்த்தையில தள்ளிட்டான்." சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அழக்கூடாது என்று ஆட்டோவில் வரும்போதே நினைத்துக்கொண்டுதான் வந்தாள்.

வள்ளி பெட்டியின் மூடியைச் சாத்தினாள். அதன் மேலேயே உட்கார்ந்தாள். நர்ஸ் வேலை பார்த்தவள், கத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள்.

"அது மாப்பிள்ளை போன்லருந்து வந்துதா?"

"ஆமா."

"எழுதினது மாப்பிள்ளை இல்ல அண்ணி. மதி. போன வாரம் உங்க பேரன் அவ போனத் தூக்கித் தண்ணி பக்கெட்டுல போட்டுட்டான். நாலஞ்சு நாளா அவ மாப்பிள்ளை போன்லதான் எல்லாருக்கும் மெசேஜ் போடறா. முந்தாநேத்து வீடியோல உங்ககிட்ட பேசினப்பக் கூட அந்த போன்தானே?"

"அவ எழுதினா என்னா? விஷயம் ஒன்னுதானே."

"ஒன்னு இல்ல அண்ணி. மதி என்னை என்னான்னு கூப்புடுவா?"

"அம்மான்னு."

"உங்கள?"

பாஞ்சாலை வாயைத் திறந்தாள். பதில் நாக்கு நுனி வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

துணைக்கு அம்மா வேணாம். அதாவது வள்ளி வேணாம். அத்தை வந்தா போதும். அதாவது மாமியார். பாஞ்சாலை. காலை ஏழு மணியிலிருந்து அவள் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்த அந்த அத்தை வேறு யாருமில்லை, அவளேதான். தன்னையே பார்த்து எட்டு மணி நேரம் பொறாமைப்பட்ட பெண்பிள்ளை இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

"அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்கன்னு..."

"அண்ணனத்தான் சொல்லியிருக்கா, உங்ககிட்ட சொல்லச் சொல்லி. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்னா, என்கிட்ட பேசறது. பேசிட்டா, நேத்து." வள்ளி மோர் எடுத்து வர எழுந்தாள். போகிற போக்கில், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். "நான் வரேன்னுதான் சொன்னேன் அண்ணி. நர்ஸாச்சே, அங்க டாக்டர் சொல்றது நாலு புரியுமேன்னு. அவதான், நீ வேணாம்மா, மாமாவுக்கு அத்தை பக்கத்துல இருந்தாத்தான் தைரியம்னுட்டா. பெத்த பொண்ணு வாயால வேணாம்னு கேக்கறது எனக்கும்தான் கஷ்டமா இருந்துச்சு. நானும் மனுஷிதானே?"

வள்ளிக்கும் பொறாமை. அதுவும் தன் மேல். பாஞ்சாலைக்கு அதைக் கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை நான் எழுதினால் அவளைத் தப்பாக நினைப்பீர்கள். மோரை ஒரே மூச்சில் குடித்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அப்ப இந்தப் பெட்டி?"

"உங்களோட போறது. பேரனுக்கு. ஸ்வெட்டர் உங்களுக்கு. போட்டுப் பாருங்க, சைஸு சரியான்னு."

பங்குனி வெயிலில், வேங்கிக்காலில், மின்விசிறிக்குக் கீழே பாஞ்சாலை மெரூன் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. கழற்ற மனசில்லாமல் கழற்றினாள்.

"மனசுல வெச்சுக்காதீங்க வள்ளி" என்றாள். சம்பந்திம்மா போய் வள்ளி ஆகியிருந்தது. "என்னா பண்றது, அவரு உங்ககிட்டதான மொதல்ல சொன்னாரு. ஏழு மாசம். அத நெனச்சாத்தான் எனக்கு ஆறல."

"என்கிட்ட சொல்லல அண்ணி, ரிப்போர்ட்ட நீட்டினாரு. ரத்த டெஸ்ட்டு. நம்பர் ஜாஸ்தியா இருந்துச்சு. தை மாசம் எடுத்த ஸ்கேன்ல அஞ்சுக்கு அஞ்சு போட்டிருந்தான்."

"அஞ்சுக்கு அஞ்சா?" பாஞ்சாலை முகம் மலர்ந்தது. "முழு மார்க்காச்சே!"

வள்ளி பாஞ்சாலையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல மார்க்கு கம்மியா வாங்கணும் அண்ணி. ஒன்னு ரெண்டுன்னா பயமில்ல. அஞ்சுன்னா சந்தேகம் ஜாஸ்தி. அதான் இந்த டெஸ்ட்ட தள்ளிப் போடக் கூடாது. ஸ்கேன்ல எந்த எடத்துல கறுப்பாத் தெரியுதோ, படத்தப் பாத்துகினே ஊசிய அதே எடத்துல உட்டு எடுப்பாங்க. இங்கயும் பண்றாங்க, அண்ணன்தான் ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு பிடிவாதம். போன தடவ எடுத்தது பொதுவா அங்கங்க பன்னெண்டு எடத்துல குத்தி எடுத்தது. அதுல ஒன்னுமில்லன்னு வந்துது. ஆனா நம்பர் ஏறிகினே போவுது."

"போன தடவயா?" பாஞ்சாலை நிமிர்ந்தாள். "போன தடவ எப்ப எடுத்தாங்க?"

வள்ளியின் பிடி தளர்ந்தது. "அதப் பத்தித்தான் உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்னு நான்..."

பாஞ்சாலையின் போன் அலறியது. கண்ணாயிரம்.

"பாஞ்சால! எங்க இருக்கற? பாஸ்போர்ட்டக் காணோம்! உன்னுது இருக்குது, என்னுதக் காணோம். பீரோவையே கவுத்துட்டேன். மணி நாலு பத்து. அஞ்சுக்கு ஆளு வந்துடுவான்!"

மாவு டப்பா!

"இதோ வரேங்க. எதையும் தொடாதீங்க. நான் வந்து எடுக்கறேன்" என்று எழுந்தாள். "அப்புறம் சொல்லுங்க வள்ளி, போன்ல பேசறேன்."

"அண்ணி, ஒரு நிமிஷம், அது நேர்ல..."

பாஞ்சாலை ஆட்டோவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். கையில் ஸ்வெட்டர்.

* * *

பௌர்ணமிக்கு முந்தின நாள் என்றால் நம் ஊர் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். ஒரு ரோட்டைப் போலீஸ் அடைத்திருந்தது, இன்னொரு ரோட்டை வெளியூர் வேன்கள் அடைத்திருந்தன. பஸ் ஸ்டாண்ட் பக்கம் அரைமணி நேரம் அசையவில்லை. அஞ்சுக்கு அஞ்சு, அஞ்சுக்கு அஞ்சு என்று அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தேதி தவறினால் அது தன்னால்தான். அருணாசலா, இந்த ஒரு தடவை என்று கைகூப்பினாள். செங்கம் ரோட்டில் திரும்பியதும் இறங்கி, மீதி தூரத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள்.

வீட்டில் ஏஜென்டின் ஆள் வல்லரசு வந்து உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும், மடியில் தோல்பை. கண்ணாயிரம் தரையில், கொட்டிக் கிடந்த துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஒரு வேள போவ வேணாம்னு இருக்குதோ என்னமோ" என்றார், யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல்.

பாஞ்சாலை நேராகச் சமையலறைக்குப் போனாள். டப்பாவுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். திரும்பி வந்து, மாவு உதிர உதிர பாஸ்போர்ட்டை அவர் கையில் வைத்தாள்.

அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். மாவுக் கையைப் பார்த்தார். "இது எப்படி அங்க..."

"நான்தான் வெச்சேன். வள்ளி போறாங்கன்னு நெனச்சுட்டேன். அத்தைன்னா அவங்கன்னு."

அவருக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. புரிந்ததும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வல்லரசு மரியாதையாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டான்.

"ஏங்க" என்றாள் பாஞ்சாலை, மெதுவாக. "என்கிட்ட ஏன் மொதல்ல சொல்லல?"

கண்ணாயிரம் மாவைத் தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார். "வள்ளிம்மாகிட்ட ரிப்போர்ட்டக் குடுத்தா, அவங்க ரிப்போர்ட்டப் பாப்பாங்க. உன்கிட்ட குடுத்தா நீ என்னப் பாப்ப. அந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன் பாஞ்சால."

முப்பத்து நாலு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஏழு மாதத்தை மன்னித்துவிடலாம் என்று தோன்றியது அவளுக்கு. மன்னித்தே விட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வல்லரசு ஒரு தாளை நீட்டினான். "அம்மா, ஆஸ்பத்திரிக்கு இது. கூட வர்றவங்க நீங்கதானே? இங்க கையெழுத்து. உறவுன்னு கேட்டிருக்கற எடத்துல வைஃப்னு எழுதிடுங்க. இங்கிலீஷ்ல நாலு எழுத்து. அப்படியே பழைய ரிப்போர்ட் ஒன்னு கேட்டிருக்காங்க. அஞ்சரை பஸ்ஸப் புடிக்கணும், கொஞ்சம் சீக்கிரம்."

"ஃபைல் உள்ள இருக்குது, நான் எடுத்துட்டு..." என்று கண்ணாயிரம் கையூன்றி எழ முயன்றார்.

"நீங்க ஒக்காருங்க. நான் எடுக்கறேன்." இனி எல்லாம் அவள்தான் எடுப்பாள். அந்த நினைப்பே நன்றாக இருந்தது.

உள்ளறையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். ஃபைலைத் திறந்தாள். ரத்தப் பரிசோதனை. ஸ்கேன். அதற்கடியில் நாலாக மடித்த ஒரு தாள். சென்னையில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரிப் படிவம். தமிழில் அச்சடித்து, பேனாவால் யாரோ நிரப்பியிருந்தார்கள். பயாப்ஸி செய்ய ஒப்புதல். தேதி, செப்டம்பர் நாலு.

செப்டம்பர் நாலு. விழுப்புரம் கல்யாணம். அந்தத் தாம்பூலப் பையை எங்கே வாங்கினார்? அந்தத் தேங்காயை?

கீழே இரண்டு வரி இருந்தது.

உடன் வந்தவர் பெயர்: வள்ளி.

நோயாளிக்கு உறவு: மனைவி.

அதற்கும் கீழே, நிமிர்ந்த எழுத்தில், வள்ளியின் கையெழுத்து.

"அம்மா, ஆச்சுங்களா?" வெளியிலிருந்து வல்லரசின் குரல்.

பாஞ்சாலை அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகினாள். புதுத் தாளை மடியில் வைத்துக்கொண்டாள். நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாக அழுத்தி எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். ரிப்போர்ட்டையும், அவர் எடுத்து வைத்திருந்த தன் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து எல்லாவற்றையும் வல்லரசிடம் கொடுத்தாள். அவன் சரிபார்த்துப் பையில் போட்டுக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவன் வண்டிச் சத்தம் சந்தைத் தாண்டும் வரை நின்றிருந்து, கதவைச் சாத்தினாள்.

"கையெழுத்து போட்டுட்டியா?" என்றார் கண்ணாயிரம். இவ்வளவு சந்தோஷமான முகத்தை அவள் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

"போட்டுட்டேன்."

இடுப்பிலிருந்த தாளை எடுத்துப் பிரித்து அவர் மடியில் வைத்தாள்.

"விழுப்புரத்துல கல்யாணப் பொண்ணு பேரு என்னாங்க?" என்று கேட்டாள். "வள்ளியா?"